ஓர் ஆழாக்கு அரிசி

அன்புள்ள அண்ணாச்சி,

வயது 34. பாளையங்கோட்டையில் வீடு, வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை. போன மாதம் பரிசோதனையில் மூன்று மாத சராசரி சர்க்கரை அளவு (HbA1c) 6.1 என்று வந்தது. எடையைக் குறைக்கச் சொன்னார் டாக்டர். சாப்பிடுவதையும் நடப்பதையும் கணக்கு வைக்க மைஃபிட்னெஸ்பால், ஹெல்திஃபைமி, குரோனோமீட்டர் மூன்றில் எந்த ஆப் நல்லது? இப்போது வைத்திருக்கும் ஆப்பில் உளுந்தஞ்சோறும் இல்லை, சொதியும் இல்லை. சொதியை 'வெஜிடபிள் ஸ்டூ' என்று போட்டு வைக்கிறேன். எத்தனை கிராம் என்று கேட்டால் அம்மாவுக்குக் கோபம் வருகிறது. நேற்று சோற்றுத் தட்டைத் தராசில் வைத்தேன், எழுந்து உள்ளே போய்விட்டாள்.

- ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

முதலில், பயப்படாதே. 5.7-லிருந்து 6.4 வரை சர்க்கரை நோய்க்கு முந்தைய படி, 6.5-ஐத் தொட்டால்தான் நோய். இந்தப் படியிலிருந்து எடையைக் குறைத்தே இறங்கி வந்தவர்கள் நிறையப் பேர். இந்த வயதிலேயே கணக்குப் பார்க்கத் தோன்றியதே, அதில் எனக்கு சந்தோஷம்.

எந்த ஆப்? எதையாவது எடு. மைஃபிட்னெஸ்பாலில் பட்டியல் பெரிது, ஆனால் நிறைய உன்னைப் போன்றவர்களே ஏற்றியது, ஒரே பண்டத்துக்கு நாலு கணக்கு கிடைக்கும். குரோனோமீட்டர் பட்டியல் சின்னது, சரிபார்த்தது. ஹெல்திஃபைமி பெங்களூரில் பிறந்தது, இட்லி தோசை தெரியும். நடந்ததற்குக் கூலி மாதிரி ஆப் கூட்டித் தரும் கலோரியை மட்டும் சாப்பிட்டுவிடாதே. சரி, அது போகட்டும்.

அம்மா எழுந்து போனாள் என்று ஒரு வரி எழுதியிருக்கிறாயே, அதற்குத்தான் இந்தப் பதில். போன வாரம் பரணை ஒதுக்கியபோது எங்கள் வீட்டில் அரிசி அளக்கும் பித்தளை ஆழாக்கு, அதாவது அரை உழக்கு, கிடைத்தது. அதைப் புளி போட்டுத் தேய்த்து மேஜையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் உன் கடிதம் வந்தது.

அப்பாவுக்கு சர்க்கரை வந்தபோது நான் காலேஜில் படித்துக்கொண்டிருந்தேன். மத்தியானம் எவ்வளவு சோறு சாப்பிடுவீர்கள் என்று டாக்டர் கேட்டார். அப்பா அம்மாவின் முகத்தைப் பார்த்தார். அம்மா யோசிக்கவே இல்லை. "நாலு பேருக்கு ஒண்ணரை உழக்கு போடுவேன், இவுகளுக்கு அதுல அஞ்சுல ரெண்டு பங்கு போவும்" என்றாள். டாக்டர் பேனாவை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. அன்றிலிருந்து உலையில் அரை ஆழாக்கு குறைந்தது, கீரையும் புடலங்காயும் கூடியது. அப்பாவிடம் அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அம்மா போன பிறகு முதல் நாள் நான் அடுப்படிக்குள் போனேன். ஆழாக்கு கையில் இருக்கிறது, தலைதட்டி அளப்பதா கோபுரமாக அளப்பதா என்று தெரியவில்லை. இத்தனை வருடம் அந்த வீட்டுச் சோற்றைத் தின்றவனுக்கு அது தெரியவில்லை. கோபுரமாகவே போட்டேன், பானை நிறையச் சோறு மிஞ்சியது. அப்பா சாப்பிட்டுக் கையைக் கழுவிவிட்டு வந்து சொன்னார்: "ஒங்க அம்மை தலைதட்டித்தாம்ல அளப்பா. அதுலயும் அரை ஆழாக்கு குறைச்சித்தான் போட்டா, இத்தனை வருசமா. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சிக்கிட்டே போயிட்டா."

இப்போது நீ சொல், உன் வீட்டு உலையில் ஒரு நேரத்துக்கு எத்தனை ஆழாக்கு போகிறது? 34 வருடம் அந்தக் கையால் சாப்பிட்டவன், ஒரு நாளாவது அரிசி களைந்திருக்கிறாயா? அடுப்படிக்குள் கால் வைக்காதவன், வைத்த சோற்றைத் தூக்கித் தராசில் வைத்தால் அந்தம்மாவுக்கு எப்படி இருக்கும்? எழுந்து போனதோடு விட்டார்களே. தட்டை இனி நிறுக்காதே. கணக்கு உலையிலேயே இருக்கிறது, அங்கே போய்ப் பார்.

ஓர் ஆழாக்கு 168 மில்லி. தலைதட்டினால் அரிசி ஏறக்குறைய 140 கிராம், கிட்டத்தட்ட 500 கலோரி. உளுந்தஞ்சோற்றுக்கு ரெண்டு ஆழாக்கு அரிசி, ஓர் ஆழாக்கு தொலி உளுந்து, தேங்காய் என்று உன் அம்மா போடுவதையெல்லாம் பச்சையாக, ஒரே ஒரு தடவை, ஆப்பில் சொந்தச் சமையலைப் பதியும் இடத்தில் ஏற்று. வெந்த பிறகு பானையில் எத்தனை கரண்டி வருகிறது என்று எண்ணி வகுத்துக்கொள். அதற்கப்புறம் தினமும் கரண்டிதான் கணக்கு. அரிசிக்கும் பருப்புக்கும் ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-ல் போட்ட பட்டியல் இருக்கிறது, 528 உணவுப் பொருள்களுக்கு. அந்த நிறுவனம் 1918-ல் தொடங்கியது நம் குன்னூரில்தான்.

உளுந்தஞ்சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளும் எள்ளுத் துவையலில் குழி பறித்து ஊற்றுகிறாயே நல்லெண்ணெய், அது ஒரு மேசைக்கரண்டி 120 கலோரி. அதைப் பதிந்தாயா? சொதியை ஸ்டூ என்று எழுதுவது பொய்க்கணக்கு, தம்பி. பாசிப்பருப்பும் மூன்று பால் எடுத்த தேங்காயும் எங்கே போயின? முழுத் தேங்காயையும் எழுது, ஆளுக்கு எத்தனை கரண்டி என்று வகு. சொதியை விட வேண்டாம். என்றைக்காவது வைப்பார்கள், அன்றைக்குச் சோற்றில் ஒரு கரண்டியைக் குறைத்துக்கொள்.

நாளைக் காலையில் உன் அம்மா அரிசிப் பானையைத் திறக்கும்போது பக்கத்தில் போய் நில். போனை வெளியே வைத்துவிட்டு ஒரு பேப்பரும் பென்சிலும் கொண்டு போ. அப்புறம் எனக்கு எழுது, உங்கள் வீட்டில் தலைதட்டியா, கோபுரமா என்று.

அன்புடன்,
அண்ணாச்சி