வாசகர் கேள்வி: கொரோனாக் காலத்து முதியோர் இல்லம்

கேள்வி: என் மகள் இங்கிலாந்தில் ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்தில் வேலை பார்க்கிறாள். கொரோனாக் காலத்தைப் பற்றிக் கேட்டால் பேச்சை மாற்றிவிடுகிறாள். உறவினரைக்கூட உள்ளே விடாமல் கதவை அடைத்த பிறகும் அங்கே தொற்று எப்படி நுழைந்தது? உள்ளே இருந்தவர்களின் அன்றாட வாழ்க்கை எப்படி இருந்தது?
– வாசகி, நாகர்கோவில்

பதில்: கதவு அடைபட்டது பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும்தான், தொற்று வேறு வழிகளில் வந்தது. மருத்துவமனைப் படுக்கைகளைக் காலி செய்யுமாறு 2020 மார்ச் 17 அன்று அறிவுறுத்தல் வந்தபின், ஏப்ரல் நடுப்பகுதிக்குள் சுமார் 25,000 நோயாளிகள் இத்தகைய இல்லங்களுக்கு அனுப்பப்பட்டார்கள். அனைவருக்கும் முன்கூட்டியே பரிசோதனை என்ற முடிவு ஏப்ரல் 15 அன்றுதான் வந்தது. அறிகுறி இல்லாதவரிடமிருந்தும் நோய் பரவக்கூடும் என்பதைக் கருதாமல் வகுத்த அந்தக் கொள்கை சட்டத்துக்குப் புறம்பானது என 2022 ஏப்ரலில் லண்டன் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இன்னொரு வழி, பல இல்லங்களில் மாறி மாறி வேலை செய்த ஊழியர்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சட்டப்படியான நோய்க்கால ஊதியம் அப்போது வாரத்துக்கு 95.85 பவுண்டு மட்டுமே என்றிருக்க, யாரால் வீட்டில் படுத்திருக்க முடியும்?

அன்றாட வாழ்க்கைக்கு வருவோம். பொது உணவுக்கூடங்கள் மூடப்பட்டு, அறைக்கே தட்டு வந்தது. மறதிநோய் உள்ளவர்கள் பலர், எதிரே இருப்பவர் கரண்டியை எடுப்பதைப் பார்த்துத்தான் தாமும் எடுப்பார்கள். தனியறையில் அப்படி ஒருவர் இல்லாததால், தட்டு ஆறிக் கிடக்க, மெலிந்துபோனவர்கள் உண்டு. காது மந்தமானவர்களுக்கு உதட்டசைவுதான் பாதிப் பேச்சு; அதையும் முகக்கவசம் மறைத்துவிட்டது. முதியவர்களுக்கு இந்நோய் பல வேளைகளில் காய்ச்சலோ இருமலோ இல்லாமல், திடீர்க் குழப்பமாகவோ பசியின்மையாகவோ கால் தடுமாறி விழுவதாகவோ வந்ததால், வெப்பமானியைவிட, 'நேற்று இப்படி இல்லையே' என்று கண்டுகொள்ளும் கண்தான் அங்கே பெரிதும் தேவைப்பட்டது. பழகிய ஊழியர்கள் தனிமைப்படுத்தலில் இருக்க, அவர்கள் இடத்துக்குப் புதிதாக வந்தவருக்கு நேற்றைய நிலை எப்படித் தெரியும்? அதை அறிந்த மகளோ கணவரோ சன்னல் கண்ணாடிக்கு வெளியே நின்று கையசைத்துக்கொண்டிருந்தார்கள். உறவினரைப் பார்வையாளர் என்று மட்டும் கருதியது, என் கணிப்பில், அந்த ஏற்பாட்டின் பெரிய பிழை. ஊட்டிவிடுவதும் தலைவாருவதும் அவர்களே செய்துவந்த இல்லங்களில், அந்த வேலையும் சேர்ந்து உங்கள் மகள் போன்றவர்களின் தலையில் விழுந்தது.

2021 மார்ச் 8 முதல் ஒவ்வொருவருக்கும் ஓர் உறவினர் தவறாமல் உள்ளே வந்து பார்க்க அனுமதி கிடைத்தது. வாசலில் பரிசோதனை, முகக்கவசம். கையைப் பிடித்துக்கொள்ளலாம், கட்டியணைப்பதை மட்டும் தவிர்க்கச் சொன்னார்கள்.