கார் நடுவழியில் நின்றால் உதவிக்கு வருபவருக்கு டிப்ஸ் கொடுக்கவேண்டுமா?

கேள்வி இதுதான்: காப்புறுதியோடு வீதி உதவிச் சேவையும் சேர்ந்தே வருகிறது. டயர் மாற்றவோ, இறங்கிப்போன பற்றரிக்கு ஜம்ப் கொடுக்கவோ வரும் ஆளுக்குத் தனியாகக் காசு கொடுக்கவேண்டுமா?

கொடுங்கள். கட்டாயம் என்று ஒரு விதியும் இல்லை, கொடுக்காவிட்டால் யாரும் கேட்கப்போவதும் இல்லை. நானும் முன்பு கொடுக்காத ஆள்தான். "அதுக்குத்தானே வருசா வருசம் காசு கட்டுறம், பிறகென்ன" என்பது அப்பாவின் கணக்கு. எனக்கும் அது சரியாகவே பட்டது.

2023 ஐப்பசி மழையில் அந்த எண்ணம் மாறியது. பொரளையில் இருந்து பேஸ்லைன் வீதியால் தெமட்டகொடைப் பக்கம் போய்க்கொண்டிருந்தோம், நானும் பத்து வயது மகளும். இரவு ஒன்பதரை இருக்கும். தண்ணீர் மூடிக் கிடந்த பள்ளம் ஒன்றில் பின் சில்லு இறங்கியது, டயர் போய்விட்டது. ஓரமாக நிறுத்திவிட்டுக் காப்புறுதிக்காரரின் இலக்கத்துக்கு எடுத்தேன். முக்கால் மணித்தியாலத்தில் மோட்டார் சைக்கிளில் ஒருவர் வந்தார். இருபத்தைந்து வயதுகூட இருக்காது. கொழும்பில் வழமைபோல இருவரும் சிங்களத்திலேயே பேசிக்கொண்டோம்.

போனது வலது பக்க டயர், அதாவது வாகனங்கள் உரசிக்கொண்டு போகும் பக்கம். நிலம் முழுக்கச் சேறு, ஜாக்கி நிற்கவில்லை. தன் பையில் இருந்து ஒரு பலகைத் துண்டை எடுத்து அதற்கு அடியில் வைத்தார். நட் ஒன்று இறுகிப்போய்க் கிடந்தது. ஸ்பானரின் மேல் ஏறி நின்று மிதித்தார், அப்போதும் அசையவில்லை. திரும்பவும் மிதித்தார். அந்த நேரம் பார்த்து வேகமாகப் போன பஸ் ஒன்று தேங்கிக் கிடந்த தண்ணீரை அப்படியே அள்ளி அவர் முதுகில் அடித்துவிட்டுப் போனது. அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான் மகளிடம், "குடையை அண்ணாவுக்குப் பிடியுங்கோ" என்றேன். அவர் குனிந்தபடியே, "பரவால்ல பாப்பா, நீங்க நனையாதீங்க, உள்ளுக்கு ஓரமா நில்லுங்க" என்றார். அப்போதுதான் தமிழ்ப் பிள்ளை என்று தெரிந்தது. ஊர் ஹட்டன் பக்கமாம்.

வேலை முடிந்ததும் ஆயிரம் ரூபாத் தாள் ஒன்றை நீட்டினேன். "வேணாம் அக்கா, கம்பெனி குடுக்குது" என்றார். விடாமல் நீட்டினேன். இரண்டு கையிலும் கிரீஸும் சேறும். தாளையும் கையையும் மாறிப் பார்த்துவிட்டு, முழங்கையால் மழைக்கோட்டை விலக்கி, "பாக்கெட்ல வச்சிருங்க அக்கா" என்று கொஞ்சம் குனிந்து நின்றார். ஈரமான அந்தச் சட்டைப் பையில் தாளை வைத்தது என் விரலுக்கு இன்னும் நினைவிருக்கிறது.

கம்பெனி எவ்வளவு கொடுக்கிறது என்று கேட்டேன். அவர் காப்புறுதிக்காரரின் ஆள் இல்லையாம். அவர்களோடு ஒப்பந்தம் செய்திருக்கும் கராஜ் ஒன்றில் வேலை. ஓர் அழைப்புக்கு இவ்வளவு என்று கணக்கு, பைக்குக்குப் பெற்றோல் சொந்தக் காசு. போய்ச் சேரும்போது வாகனம் எப்படியோ ஸ்டார்ட் ஆகி ஆள் போயிருந்தால் அந்த ஓட்டம் வீண். எல்லா இடத்திலும் இதே ஏற்பாடுதான் என்று சொல்லமாட்டேன். ஆனால் நான் கட்டும் காசில் மழையில் நனைகிறவருக்கு உரிய பங்கு தானாகவே போய்ச் சேர்கிறது என்று அதுவரை நம்பியிருந்தேன். ஹோட்டலில் குளிரூட்டிய அறையில் இருந்து சாப்பிட்டுவிட்டு, பில்லில் பத்து வீதம் சேவைக் கட்டணத்தை மறுபேச்சில்லாமல் கட்டுகிறோம். இங்கே அப்படி ஒரு கட்டணம் பில்லிலேயே இல்லை.

இந்த வேலை குறையப்போவதும் இல்லை. 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதியை, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்துவிட்டார்கள். அந்த ஐந்து வருடமும் இருந்த காரையே எல்லாரும் இழுத்துக்கொண்டு ஓடினோம். என்னுடையது 2012 மொடல். நின்றால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

சரி, எவ்வளவு? என் வசதிக்கு நான் செய்வதைச் சொல்கிறேன். பகலில் பத்து நிமிடத்தில் பற்றரிக்கு ஜம்ப் கொடுத்துவிட்டுப் போனால் ஐந்நூறு. இரவு, மழை, பெரிய வீதி என்றால் ஆயிரம், சில நேரம் அதற்கும் மேல். இழுவை லொறியில் இரண்டு பேர் வந்தால் ஒருவரிடம் கொடுத்து "பிரிச்சு எடுங்கோ" என்று சொல்வதில்லை, இருவருக்கும் தனித்தனியாக. கையில் தாளே இல்லாத நாளில் பக்கத்துக் கடையில் பிளேன்டீயும் பணிஸும் வாங்கிக் கொடுத்திருக்கிறேன். அதையும் முகம் சுளிக்காமல்தான் வாங்கினார்கள். எப்போதும் வேலை முடிந்த பிறகே கொடுங்கள். இங்கே இதற்குச் "சந்தோசம்" என்றுதான் பெயர், சிங்களத்திலும் அதே சொல். முதலிலேயே கொடுத்தால் அது வேறு பெயருக்கு மாறிவிடும். வேலை தொடங்க முன் யாராவது கேட்டால் கொடுக்காதீர்கள், நின்ற இடத்தில் இருந்தே நிறுவனத்துக்கு எடுத்துச் சொல்லுங்கள்.

டிப்ஸையும் கட்டணத்தையும் குழப்பிக்கொள்ளவும் வேண்டாம். கொண்டுவந்து ஊற்றும் பெற்றோலின் விலை, இலவசத் தூரத்துக்கு மேல் இழுத்துப்போகும் கிலோமீற்றர்கள், இவை கட்டணம். பற்றுச்சீட்டு கேட்டு வாங்குங்கள். உங்கள் காப்புறுதியில் அந்த இலவசத் தூரம் எவ்வளவு என்று இன்றைக்கே எடுத்துப் பாருங்கள், இருட்டில் பேரம் பேசுவது கஷ்டம்.

அதிவேக நெடுஞ்சாலையில் நின்றுபோய், 1969 என்ற அவசர உதவி இலக்கத்துக்கு எடுத்து, கடமையில் இருக்கும் அரச ஊழியரோ பொலிஸாரோ வந்து உதவினால் காசு நீட்டவேண்டாம். அரச ஊழியருக்குக் கடமைக்காகக் காசு கொடுத்தால் இலஞ்சத்தில் போய் முடியும். 2023 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டம் வாங்குபவரை மட்டுமல்ல, கொடுப்பவரையும் பிடிக்கும். நல்ல மனதோடு கொடுத்து அவருடைய வேலைக்கே உலை வைத்துவிடக் கூடாது. மனமார ஒரு நன்றி சொன்னால் போதும்.

அப்புறம், காசோடு நிறுத்திவிடாதீர்கள். அன்று அந்தத் தம்பியின் பெயரைக் கேட்டு எழுதி வைத்திருந்தேன். அடுத்த நாள் அதே இலக்கத்துக்கு எடுத்து, நேற்றிரவு வந்தவரைப் பற்றிப் பேசவேண்டும் என்றேன். மறுமுனையில் இருந்த பிள்ளை உடனே, "முறைப்பாடா மிஸ்?" என்று கேட்டார். இல்லை, நன்றாக வேலை செய்தார், அதை அவருடைய கராஜுக்கும் சொல்லவேண்டும் என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "ஒரு நிமிசம் மிஸ், இதை எங்க பதியிறது எண்டு கேட்டுட்டு வாறன்" என்றார்.