இடியப்ப உரலுக்கு ஆக்கவுரிமை: கோரிக்கையை நீங்களே எழுதும்போது

கேள்வி: அம்மாவுக்கு இடியப்பம் பிழியக் கை வலிக்கிறது என்று ஓர் உரல் செய்தேன். பிடியை ஒருமுறை அமர்த்தினால் அழுத்தி கொஞ்சம் கீழே இறங்கும். அதே அமர்த்தலில் அடியிலுள்ள துளைத்தட்டும் கொஞ்சம் சுழலும். துளைகள் தட்டின் ஒரு பக்கமாக இருப்பதால், கையைச் சுற்றாமலே இடியப்பம் வட்டமாக விழுகிறது. சட்டத்தரணிக்குக் கொடுக்கப் பணமில்லை. உரிமைக்கோரிக்கையை நானே எழுதலாமா? (வாசகர், வெள்ளவத்தை)

பதில்: எழுதலாம். இலங்கையில் வசிப்பவர் தேசிய புலமைச் சொத்து அலுவலகத்துக்குத் தாமே விண்ணப்பிக்கலாம். விண்ணப்பத்தில் விபரிப்பு, வரைபடம், சுருக்கம் எல்லாம் இருந்தாலும், உங்கள் உரிமை எதுவரை என்பதைத் தீர்மானிப்பது உரிமைக்கோரிக்கை மட்டும்தான். விபரிப்பில் பத்துப் பக்கம் எழுதிவிட்டுக் கோரிக்கையில் விட்டது உங்களுடையது அல்ல.

முதன்முதலாக எழுதுபவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குவார்கள்: "துருப்பிடிக்காத உருக்கினாலான 70 மில்லிமீற்றர் குழலும், மரப்பிடியும், ராட்செட் சக்கரமும் கொண்ட, இலகுவாக இடியப்பம் பிழியும் அருமையான உரல்." (ராட்செட் சக்கரம் என்பது ஒரு பக்கமாக மட்டும் சுழலும் பற்சக்கரம்.) விபரம் கூடக்கூடப் பாதுகாப்பும் கூடும் என்ற நினைப்பு. நடப்பது நேர்மாறு. கோரிக்கையில் உள்ள உறுப்புகள் அத்தனையும் இருந்தால்தான் மற்றவரின் பொருள் உங்கள் உரிமையை மீறும். ஒன்று குறைந்தாலும் அவர் தப்பிவிடுவார். புறக்கோட்டைப் பக்கம் ஒரு பட்டறைக்காரர் அலுமினியத்தில், பிளாஸ்டிக் பிடியோடு செய்தால் போதும். மேலே உள்ள கோரிக்கை அவரைத் தொடாது. "அருமையான", "இலகுவாக" என்பவற்றை அளக்க முடியாது, வெட்டிவிடுங்கள். எல்லாவற்றையும்விடப் பெரிய பிழை, தட்டு சுழல்வதையே அது சொல்லவில்லை.

அதுதான் உங்கள் சரக்கு. பழைய சோனகத் தெருவில் எந்த இரும்புக்கடையிலும் சிலிக்கன் கன் தொங்கும். பிடியை அமர்த்த அமர்த்தத் தண்டு முன்னேறி உள்ளிருப்பதைப் பிதுக்கும் கருவி அது. விண்ணப்பத்தை ஆராயும் பரிசோதகர் அதையும் சாதாரண இடியப்ப உரலையும் பக்கத்தில் வைத்து, "இரண்டையும் சேர்ப்பது இத்துறை தெரிந்த எவருக்கும் தோன்றுமே" என்று கேட்கலாம். ஒரே அமர்த்தலில் அழுத்தியும் தட்டும் சேர்ந்து இயங்குவதுதான் உங்கள் பதில். எழுதமுன் எஸ்பாஸ்நெட், பேட்டன்ட்ஸ்கோப், கூகுள் பேட்டன்ட்ஸ் என்ற மூன்று ஆக்கவுரிமைத் தேடல் தளங்களிலும் தேடுங்கள், மூன்றும் இலவசம். இடியப்பம் என்று தேடினால் மட்டும் போதாது. நூடுல்ஸ், பாஸ்தா பிழியும் கருவிகளையும், மாவைப் பிதுக்கும் இயந்திரங்களுக்கான ஏ21சி 11/16 என்ற ஆக்கவுரிமை வகைப்பாட்டையும் பாருங்கள்.

இனி, திருத்திய வடிவம்:

"1. பிசைந்த மாவைப் பிழியும் கருவி, அது உள்ளடக்குபவை: மாவை ஏற்கும் குழல், அக்குழலினுள் நகரும் அழுத்தி, அக்குழலின் கீழ் முனையில் சுழலுமாறு பொருத்தப்பட்டதும், தன் மையத்திலிருந்து விலகிய துளைகளைக் கொண்டதுமான துளைத்தட்டு, ஒரு கைப்பிடி, அக்கைப்பிடியின் ஒவ்வோர் அமர்த்தலிலும் அவ்வழுத்தியைக் கீழே நகர்த்துவதோடு அத்துளைத்தட்டையும் ஒரு கோண அளவு சுழற்றும் இயக்கப் பொறிமுறை."

"இடியப்பம்" என்ற சொல்லே இங்கே இல்லை. இருந்தால் முறுக்கு உரல் என்று பெயர்போட்டு விற்பவர் வாதாடுவார். "உள்ளடக்குபவை" என்றால் வேறு உறுப்புகளும் சேரலாம். "மட்டுமே கொண்டது" என்று எழுதினால், ஒரு ஸ்பிரிங்கைக் கூட்டிச் செய்பவர்கூட வெளியே போய்விடலாம். ஓர் உறுப்பை முதலில் அறிமுகப்படுத்திவிட்டு, பிறகு "அக்குழல்", "அக்கைப்பிடி" என்று சுட்ட வேண்டும். முன்னே சொல்லாத ஒன்றை "அந்த" என்று தொடங்கினால் எந்த என்ற கேள்வி வரும். ஒரே சொல்லைத் திரும்பத் திரும்ப எழுதாதே என்று பள்ளிக்கூடத்தில் சொல்லித் தந்ததை இங்கே மறந்துவிடுங்கள். முதல் வரியில் குழல், மூன்றாம் வரியில் உருளை என்றால் அவை இரண்டு வெவ்வேறு உறுப்புகளாகிவிடும்.

நீங்கள் வெட்டிய விபரங்களைக் குப்பையில் போட வேண்டாம். அவை சார்புக் கோரிக்கைகளாகும், அதாவது முன்னைய கோரிக்கையைச் சுட்டி அதன்மேல் ஒரு விபரத்தைக் கூட்டுபவை: "2. கோரிக்கை 1இன் கருவி. அதில் அவ்வியக்கப் பொறிமுறை ஒரு ராட்செட் சக்கரத்தை உள்ளடக்கும்." "3. கோரிக்கை 1இன் அல்லது 2இன் கருவி. அதில் அக்கோண அளவு 10 முதல் 30 பாகை." முதலாவது கோரிக்கைக்கு எதிராகப் பழைய ஆவணம் ஒன்று கிடைத்தாலும், அதில் இல்லாத விபரத்தைச் சொல்லும் சார்புக் கோரிக்கையில் காலூன்றலாம். 10, 30 என்பவை உதாரணம்தான். உங்கள் எண்களை மாப் பிழிந்து பார்த்தே எடுங்கள். எந்தக் கோணத்துக்குக் கீழே இழைகள் ஒன்றன்மேல் ஒன்று குவிகின்றன, எதற்கு மேலே அறுகின்றன என்பதை விபரிப்பிலும் எழுதுங்கள். விபரிப்பு தாங்காத கோரிக்கை நிற்காது.

விண்ணப்பித்த பிறகு சொற்களைத் திருத்தலாம். முதலில் வெளிப்படுத்தாத புதிய விடயத்தைச் சேர்க்க முடியாது. பிடிக்குப் பதில் சிறிய மோட்டார் பூட்டலாம் என்று ஒருநாள் தோன்றியிருந்தால், அதை விபரிப்பிலும் வரைபடத்திலும் இப்போதே போடுங்கள். மேலே உள்ள முதலாவது கோரிக்கை கைப்பிடியைக் கேட்பதால் மோட்டார் உரல் அதற்குள் வராது. அதற்குத் தனிக் கோரிக்கை ஒன்று தேவைப்படும்.

கண்டுபிடிப்பை நீங்களே முன்கூட்டி வெளியிட்டது விண்ணப்பத் திகதிக்கு முந்திய ஓராண்டுக்குள் என்றால், 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் அதை உங்களுக்கு எதிராகக் கொள்ளாது. ஐரோப்பாவில் இந்தச் சலுகையை நம்ப முடியாது. அங்கும் விண்ணப்பிக்கும் எண்ணம் இருந்தால், உரல் வேலைசெய்யும் வீடியோவை இப்போதைக்குக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில்கூடப் போடாதீர்கள்.