வாசகர் கேள்வி – பதில்: இன்டர்ன்ஷிப்பை எங்கே செய்வது?

கேள்வி: பி.பி.டி. (பிசியோதெரபி பட்டப்படிப்பு) இறுதியாண்டு படிக்கிறேன். இன்டர்ன்ஷிப்புக்கு வீட்டருகே உள்ள பிசியோதெரபி கிளினிக் போதுமா, மறுவாழ்வு மையத்துக்குப் போக வேண்டுமா?
– வாசகி, தென்காசி

பதில்: கல்லூரி அனுமதித்தால், சில வாரங்களாவது நோயாளிகள் தங்கிச் சிகிச்சை பெறும் இடத்துக்குப் போங்கள். கிளினிக்குக்கு முட்டிவலியோடு வருபவரை அரைமணி நேரம் பார்ப்பீர்கள். வீட்டில் அவர் எப்படிக் குளிக்கிறார், கழிப்பறைக்கு எப்படிப் போகிறார் என்பது தெரியவராது. மறுவாழ்வு வார்டில் அதுதான் வேலையே. உங்கள் பக்கத்திலேயே ஆய்க்குடியில் மாற்றுத்திறனாளிகளுக்கான அமர் சேவா சங்கம் இருக்கிறது. வேலூர் சி.எம்.சி.யின் மறுவாழ்வு நிலையம் 1966 முதல் இயங்குகிறது. அதற்கு வித்திட்ட டாக்டர் மேரி வர்கீஸ், விபத்தில் தண்டுவடம் பாதிக்கப்பட்டுச் சக்கர நாற்காலியில் இருந்தபடியே பணியாற்றியவர்.

போனதும் முதலில் கற்க வேண்டியது, நோயாளியைக் கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாற்றுவது. பக்கவாதம் என்றால் நாற்காலியை நல்ல கைப்பக்கம் சற்றுச் சாய்வாகப் போட்டு, இரண்டு பிரேக்கையும் பூட்டி, கால்தட்டுகளை மடக்குங்கள். நோயாளி கட்டில் விளிம்புக்கு நகர்ந்து, பாதங்களைத் தரையில் ஊன்றி, முன்னால் குனிந்து எழ வேண்டும். உங்கள் முட்டி அவரது பலவீனமான முட்டிக்கு அணை. பிடி இடுப்புப் பட்டையில் இருக்கட்டும். செயலிழந்த கையைப் பிடித்துத் தூக்கவே கூடாது. தளர்ந்த தோள்மூட்டு இறங்கிவிடும், மாதக்கணக்கில் வலிக்கும். அவசரத்தில் பலரும் செய்யும் தவறு இதுதான்.

தண்டுவட பாதிப்பில் இன்னொரு எச்சரிக்கை. நடு மார்புக்கு மேலே அடிபட்டவர் திடீரென்று மண்டையிடி, முகத்தில் வியர்வை என்றால், உடனே பி.பி. பாருங்கள், ஏறியிருந்தால் படுக்க வைக்காதீர்கள். நிமிர்த்தி உட்காரவைத்து, சிறுநீர் வடியப் பொருத்திய குழாய் மடங்கியிருக்கிறதா என்று பார்த்தபடியே டாக்டரைக் கூப்பிடுங்கள். பெரும்பாலும் குழாயில்தான் கோளாறு இருக்கும்.

கேள்வி: எம்.பி.பி.எஸ். படிக்காமல் மறுவாழ்வு மருத்துவர் ஆகலாமா?
– வாசகர், சேலம்

பதில்: முடியாது. எம்.பி.பி.எஸ். முடித்து, மூன்று ஆண்டு எம்.டி. (பி.எம்.ஆர்., அதாவது உடலியல் மற்றும் மறுவாழ்வு மருத்துவம்) படிக்க வேண்டும். ஆனால் மறுவாழ்வுச் சிகிச்சைக் குழுவில் சேர பிசியோதெரபி, ஆக்குபேஷனல் தெரபி (அன்றாட வேலைகளைச் செய்யப் பழக்குவது), பேச்சுப் பயிற்சி, செயற்கைக்கால் வடிவமைப்பு என்று தனித்தனிப் பட்டப்படிப்புகள் உண்டு. சேருமுன் செயற்கைக்கால் பட்டறை ஒன்றில் ஒருநாள் இருந்து பாருங்கள். பிளாஸ்டர் அச்சை ராவுவதும், நோயாளிக்கு மாட்டிப் பார்த்து அழுத்தும் இடத்தைத் திரும்பத் திரும்பச் சரிசெய்வதும் பிடித்திருந்தால், அந்தப் படிப்பு உங்களுக்கானது.