மலையில் சிக்னல் போனால் ஜி.பி.எஸ். வேலை செய்யுமா?

கேள்வி: அடுத்த மாதம் குடும்பத்துடன் காரில் வால்பாறை செல்கிறோம். சென்ற முறை ஆழியாறு தாண்டியதும் போனில் சிக்னல் போய்விட்டது. அப்போதுதான் மேப்பைத் திறந்தேன், நீலப் புள்ளி வெகுநேரம் நகரவே இல்லை. ஜி.பி.எஸ்ஸுக்கு இணையமே தேவையில்லை என்கிறார் நண்பர். எது சரி?

பதில்: நண்பர் சொல்வது சரிதான். ஆனாலும் உங்களுக்கு நேர்ந்ததற்குத் தெளிவான காரணம் உண்டு.

செயற்கைக்கோள் மேலிருந்து நம்மைப் பார்த்து இடத்தைச் சொல்கிறது என்றே பலரும் எண்ணுகிறோம். உண்மையில் அதற்கு நீங்கள் இருப்பதே தெரியாது. சுமார் 20,200 கி.மீ. உயரத்தில் சுற்றும் ஒவ்வொரு ஜி.பி.எஸ். செயற்கைக்கோளும், தன் அணுக்கடிகாரம் காட்டும் நேரத்தையும் தன் சுற்றுப்பாதை விவரத்தையும் ஓயாமல் ஒலிபரப்பிக்கொண்டிருக்கிறது. உங்கள் போன் வானொலிப் பெட்டியைப் போல அதைக் கேட்க மட்டுமே செய்கிறது. அலை புறப்பட்ட நேரத்துக்கும் வந்து சேர்ந்த நேரத்துக்கும் உள்ள இடைவெளியை ஒளியின் வேகத்தால் பெருக்கினால் தூரம் கிடைத்துவிடும். தலைக்கு நேர் மேலே இருக்கும் செயற்கைக்கோளிலிருந்து அலை வந்து சேர ஒரு நொடியில் பதினைந்தில் ஒரு பங்கு நேரம் போதும். இதில் ஒரு மைக்ரோ நொடி (நொடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) பிசகினாலும் தூரம் 300 மீட்டர் தவறிவிடும். போனில் இருப்பதோ மலிவான கடிகாரம். எனவே இடத்தைக் கணக்கிட மூன்று கோள்கள் போக, போனின் கடிகாரப் பிழையைக் கண்டுபிடிக்க நான்காவதாக ஒன்றும் தேவைப்படுகிறது. (ஐன்ஸ்டைனின் சார்பியல் கொள்கைப்படி, அந்த உயரத்தில் கடிகாரம் நாளொன்றுக்கு ஏறத்தாழ 38 மைக்ரோ நொடி வேகமாக ஓடும்; அதையும் முன்கூட்டியே திருத்தித்தான் அனுப்புகிறார்கள்.)

இனி அந்த நகராத புள்ளி. கோள் எங்கே இருக்கிறது என்ற விவரம் போனுக்குத் தெரியாவிட்டால் தூரம் தெரிந்தும் பயனில்லை. இந்த விவரம் நொடிக்கு 50 பிட் என்ற ஆமை வேகத்தில் வருவதால், ஒரு கோளின் குறிப்பை முழுதாகப் பெறச் சுமார் அரை நிமிடம் பிடிக்கும். நடுவில் மரக்கிளையோ பாறையோ மறைத்து அலை அறுந்தால், விட்ட பகுதி மறுபடி வரும்வரை காத்திருக்க வேண்டும். ஊருக்குள் இந்தத் தாமதம் நமக்குத் தெரிவதில்லை, ஏனெனில் போன் அதே விவரத்தை இணையம் வழியாக ஓரிரு நொடிகளில் இறக்கிக்கொள்கிறது. நீங்கள் சிக்னல் போன பிறகு, ஓடும் காரில், மரங்களுக்கு நடுவே மேப்பைத் திறந்ததால் அந்த உதவி கிடைக்காமல் போயிற்று.

ஆகவே சிக்னல் இருக்கும்போதே, பொள்ளாச்சியிலோ ஆழியாற்றிலோ, லொக்கேஷனை ஆன் செய்து மேப்பைத் திறந்து, புள்ளி சரியான இடத்தில் நிற்கிறதா என்று பார்த்துவிட்டு மலையேறுங்கள். அப்படி இறக்கிய விவரம் சில மணி நேரத்துக்குப் பயன்படும். வழியின் ஆஃப்லைன் மேப்பை வீட்டு வைஃபையிலேயே இறக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் இடம் சரியாகத் தெரிந்தாலும் புள்ளியைச் சுற்றி வெறும் சாம்பல் கட்டங்கள்தான் இருக்கும். இவை எதையும் செய்ய மறந்திருந்தால், வானம் திறந்திருக்கும் இடத்தில் வண்டியை ஓரங்கட்டி, இரண்டு மூன்று நிமிடம் போனை வெளியே அசைக்காமல் பிடித்திருங்கள்.

அந்த 40 கொண்டை ஊசி வளைவுகளில் சில இடங்களில் புள்ளி பக்கத்துச் சாலைக்குத் தாவக்கூடும். பாறைச்சுவரில் பட்டுத் திரும்பும் அலை 30 மீட்டர் சுற்றி வந்தால், கோள் அவ்வளவு தள்ளி இருப்பதாகப் போன் கணக்கிட்டுவிடும். அங்கே திரையை நம்பாமல் சாலையையே பாருங்கள். ஐரோப்பாவின் கலிலியோ, ரஷ்யாவின் குளோனாஸ், நம் நாட்டின் நாவிக் ஆகிய மற்ற செயற்கைக்கோள் அமைப்புகளையும் சேர்த்துக் கேட்கும் போன்களில் இந்தத் தொல்லை சற்றுக் குறைவு.

ஒன்றை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். உங்கள் இடத்தைப் போன் அறிவது வேறு, அதைப் பிறர் அறிவது வேறு. வாட்ஸ்அப்பில் லொக்கேஷன் பகிர இணையம் வேண்டும். பேசுவதற்கு மட்டும் சிக்னல் கிடைக்கும் இடத்தில் அவசரம் நேர்ந்தால், மேப்பில் நீலப் புள்ளியை அழுத்திப் பிடித்ததும் தோன்றும் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களைத் தாளில் எழுதிக்கொண்டு, 112-ஐ அழைத்து நிதானமாக வாசித்துக் காட்டுங்கள்.