பிரான்ஸோ ஹொலண்டோ, ஆர் பெரிய கமக்காரன்?

கேள்வி: ஐரோப்பாவிலை விவசாயத்திலை பிரான்ஸ்தான் முதல் எண்டு அங்கை இருக்கிற மூத்தவன் சொல்லுறான், இல்லை ஹொலண்ட்தான் எண்டு அங்கை இருக்கிற மருமோன் நிக்கிறார். போன் எடுத்தாலே இதுதான் கதை. ஆர் சொல்லுறது சரி?
– வெங்காயம் செய்யிற வாசகர், உரும்பிராய்

பதில்: ரெண்டு பேரும் சரிதான் ஐயா, தராசுதான் வேறை. ஐரோப்பிய ஒன்றியத்திலை மொத்த விளைச்சலின்ரை பெறுமதியைப் பாத்தா பிரான்ஸ்தான் முதல், கோதுமை, சீனிக்கிழங்கு, வைன் எல்லாம் சேத்து. ஹொலண்ட் எங்கடை இலங்கையை விடச் சின்ன நாடு, ஆனா ஏற்றுமதிக் காசைப் பாத்தா ஐரோப்பாவிலை அதுதான் முதல், கனகாலம் அமெரிக்காவுக்கு அடுத்ததா உலகத்திலை ரெண்டாவது எண்டும் சொன்னவை. அந்தக் காசுக்குள்ளை பூவும் இருக்கு, வேறை நாட்டிலை இருந்து றொட்டர்டாம் துறைமுகத்திலை இறக்கித் திரும்ப அனுப்புற சாமானும் இருக்கு, அதை மருமோன் சொல்லமாட்டார்.

நிலத்துக்கு எவ்வளவு விளையுது எண்டு பாத்தா கதை இன்னும் மாறும். ஹொலண்டிலை ஒரு ஹெக்டேருக்கு 8, 9 தொன் கோதுமை வரும், எங்கடை கணக்கிலை ஹெக்டேர் எண்டா கிட்டத்தட்ட 40 பரப்பு, அப்ப பரப்புக்கு 200 கிலோவுக்கு மேலை. ஸ்பெயினிலை அதிலை பாதியும் வராது, மழை இல்லை. அதுக்காக ஸ்பெயின்காரனுக்குத் தோட்டம் செய்யத் தெரியாது எண்டு சொல்லேலுமோ, உலகத்திலை ஒலிவ் எண்ணெய் கூட எடுக்கிறது அவைதான். ருமேனியாவைப் பாருங்கோ, 2020 கணக்கெடுப்பிலை ஒன்றியத்திலை இருந்த 91 லட்சம் பண்ணையிலை 29 லட்சம் அங்கை, முக்காவாசியும் எங்கடை ஆக்களைப்போல துண்டு துண்டாக் காணி வைச்சிருக்கிற சனம். எனக்கு அவையிலைதான் மனம் போகுது.

ஆனா நான் பாக்கச் சொல்லுற தராசு கிணறு. ஹொலண்டிலை மாடும் பண்டியும் கூடிப்போய், அதுகளின்ரை எருவிலை இருந்து வாற நைதரசன் சூழலைக் கெடுக்கிற பிரச்சினை முத்தி, 2019இலை நீதிமன்றம் நைதரசன் வெளிவிடுற வேலையளுக்கு அரசாங்கம் வைச்சிருந்த அனுமதி முறை செல்லாது எண்டு தீர்ப்புச் சொல்ல, விவசாயிகள் ட்ரக்டரோடை ரோட்டுக்கு இறங்கினவை. எங்களுக்குக் கீழை சுண்ணக்கல்லு, காலமை வெங்காயப் பாத்திக்கு யூரியாவை வீசிப்போட்டு மிசினைப் போட்டு இறைச்சா அது நேரை நாங்கள் குடிக்கிற தண்ணிக்குள்ளைதான் இறங்கும். யூரியாவிலை இருக்கிற நைதரசன் மண்ணிலை நைத்திரேற்றா மாறித்தான் தண்ணிக்குள்ளை போகும்; குடிதண்ணியிலை அந்த நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேலை போகப்படாது, கைக்குழந்தையளுக்குத்தான் அது முதல்லை ஆபத்து. ஐரோப்பாவிலை நைத்திரேற்றுக் கூடின இடங்களிலை சாணி எருவிலை இருந்து வாற நைதரசன் ஹெக்டேருக்கு 170 கிலோ எண்டு வரம்பு வைச்சிருக்கினம், பரப்புக்கு 4 கிலோ சொச்சம்.

அடுத்தமுறை மருமோன் எடுக்கேக்கை இந்தக் கணக்கைக் கேளுங்கோ, அதுக்கு முதல் உங்கடை கிணத்துத் தண்ணியிலை ஒரு போத்தல் எடுத்துச் சோதிக்கக் குடுங்கோ.