கரண்ட் வைத்த பிறகு ஒன்னுக்குத் தொல்லை: அக்காவிடம் கேட்டவை

(கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்குச் சிகிச்சை முடித்த பெண்கள் கேட்கிறார்கள். ‘கரண்ட்’ என்று அவர்கள் சொல்வது கதிர்வீச்சுச் சிகிச்சையை. மதுரையில் கதிர்வீச்சு வார்டில் பல வருடம் நர்ஸாக இருந்த அக்கா பதில் சொல்கிறார்.)

உசிலம்பட்டியிலிருந்து: கரண்ட் வைத்து முடிந்து 2 மாதம். அரை மணிக்கு ஒருதரம் வருகிறது, எரிகிறது. மல்லிகை பறிக்கும் வேலை, காட்டில் ஒதுங்க இடமில்லை. அதனால் விடியற்காலையிலிருந்து தண்ணீரே குடிப்பதில்லை. சரிதானே அக்கா?

அதைத்தான் முதலில் விட வேண்டும், தாயி. கர்ப்பப்பை வாயை ஒட்டி முன்பக்கம் இருப்பது மூத்திரப்பை. கரண்ட் அதையும் தொடும், உள்தோல் புண்ணாகும். தண்ணீர் குறைந்தால் மூத்திரம் மஞ்சளாகக் கெட்டிப்பட்டு அந்தப் புண்ணில் காந்தும். காந்தினால் பை இன்னும் அவசரப்படுத்தும். ஒன்றரை, இரண்டு லிட்டராவது மடக்கு மடக்காகக் குடியுங்கள். வெயில் நாளில் இன்னும் கூடுதலாக. குறைக்க வேண்டியது டீயை. பறிக்கப் போகும் முன் ஒன்று, எடை போட்ட பின் ஒன்று என்றால், ஒன்றை நீராகாரமாக மாற்றுங்கள்.

கிருமித் தொற்றாகவும் இருக்கலாம், முதலில் மூத்திரப் பரிசோதனை. அதில் ஒன்றும் இல்லையென்றால், முட்டியதும் ஓடாமல் 5 நிமிடம் தள்ளிப்போடுங்கள். பழகியதும் 10, 15. இரண்டரை மணி நேரம் தாங்குகிற அளவுக்கு மெதுவாகக் கொண்டுவரலாம்.

திருமங்கலத்திலிருந்து: பெரிய ஆபரேஷன் ஆனது. முட்டுவதே தெரியவில்லை.

சுற்றுச்சதையோடு கர்ப்பப்பையை எடுக்கும்போது பைக்குப் போகும் நரம்புகள் அடிபடலாம். உணர்வுக்குக் காத்திருக்காமல் 3 மணி நேரத்துக்கு ஒருதரம் போங்கள், செல்போனில் அலாரம் வையுங்கள். போய்விட்டு எழுந்து, கொஞ்சம் நடந்து, திரும்ப ஒருமுறை உட்காருங்கள். போன பிறகும் பையில் மூத்திரம் நிறைய மிச்சமிருப்பது ஸ்கேனில் தெரிந்தால், மெல்லிய டியூப்பை நீங்களே போட்டு அதை வெளியேற்றச் சொல்லித்தருவார்கள். பயமாகத்தான் இருக்கும், ஒரு வாரத்தில் கை பழகிவிடும்.

மேலூரிலிருந்து: இருமினால் கசிகிறது. அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்கப் போகலாமா?

போய் வாருங்கள், நாப்கின் வைத்துக்கொண்டு. இன்றிலிருந்தே, மூத்திரத்தை அடக்கும்போது இறுகுகிற அடிச்சதையை இறுக்கி, 5 எண்ணும்வரை பிடித்து, பிறகு தளர்த்துங்கள். 10 தடவை, நாளுக்கு 3 வேளை. பலன் தெரிய 3 மாதமாகும், சித்திரைக்கு முன் ஆரம்பிப்பவர் கெட்டிக்காரர். மூத்திரம் போகும்போது பாதியில் நிறுத்தி மட்டும் பழகாதீர்கள்.

சோழவந்தானிலிருந்து: கரண்ட் வைத்து 4 வருடம் கழித்து மூத்திரம் ரத்தமாக வருகிறது. சூடு என்று இளநீர் தருகிறார்கள்.

இளநீர் குடியுங்கள், ஆனால் நாளை டாக்டரையும் பாருங்கள். கதிர்வீச்சின் பாதிப்பு வருடங்கள் கழித்தும் தலைகாட்டும். நோய் திரும்பியதா என்றும் பார்த்தாக வேண்டும். கட்டிகட்டியாக வந்து மூத்திரம் அடைத்துக்கொண்டால் அன்றைக்கே அவசரப் பிரிவு.

பெயர் வேண்டாம்: இரவு பகல் சொட்டிக்கொண்டே இருக்கிறது.

புடவைத் துண்டை எட்டாக மடித்து, அடியில் பாலித்தீன் கவரை விரித்துத்தான் ஒரு அம்மா எங்கள் வார்டு பெஞ்சில் உட்காருவார். வாடை வருகிறதா என்று மட்டும் என்னிடம் மெதுவாகக் கேட்பார். அவருக்குப் பைக்கும் பிறப்புறுப்புக்கும் நடுவே ஓட்டை விழுந்திருந்தது. உங்களுக்கும் அப்படி இருக்கலாம். பயிற்சியால் இது நிற்காது, பெரும்பாலும் ஆபரேஷன் தேவைப்படும். ஒரு நாளில் எத்தனை துணி நனைகிறது என்று எண்ணி, ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். சொல்லக் கூச்சமென்றால் அந்தத் தாளை நீட்டினால் போதும்.